என் சின்னது

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் முழங்கால். அப்புறம் சர்க்கரை. அப்புறம் மருமகள். அதுவும் தீர்ந்த பிறகு யாராவது ஒருவர் கேட்பார், "உங்களுக்குக் கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" என்று. நான் "யாரும் இல்லை" என்று சொல்லியிருக்கிறேன். "ஒரு தங்கை இருந்தாள்" என்றும் சொல்லியிருக்கிறேன். இரண்டையும் ஒரே ஆளிடம் சொல்லி, போன வருஷம் விழுப்புரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் வசமாக மாட்டிக்கொண்டேன். கிழவிக்கு நினைவு தப்புகிறது என்று அந்த அம்மா நினைத்திருப்பார். தப்பவில்லை. தப்பினால் எனக்கு நல்லதுதான். அது நடக்கிற மாதிரி தெரியவில்லை என்பதால் முழுக் கதையையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

நான் வளர்ந்தது திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டுக்குப் போகும் சாலையோரத்தில் இருந்த ஒரு பிள்ளைகள் இல்லத்தில். பெற்றவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா பினாங்குக்குத் தோட்ட வேலைக்குப் போனார். முகையூர்ப் பக்கத்துச் சேரி ஒன்றிலிருந்து என் அத்தை என்னை நடத்திக் கொண்டுவந்து அங்கே விட்டபோது எனக்கு ஏழு வயது. ஓடு போட்ட கூடம் ஒன்று, பனையோலை வேய்ந்த நீளக் கொட்டகை இரண்டு, ஒரு கிணறு, சுற்றிலும் சப்பாத்திக்கள்ளி வேலி. வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் எங்களுக்கு மணி. அதை நடத்தியவரை நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுவோம். இளம் வயதில் தாலியறுத்தவர். சிரித்தால் வீண்செலவு ஆகிவிடும் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டிருப்பார். ஆனால் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அதன் பாயருகே சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்தே தூங்குவார்.

பெரியம்மாவின் சட்டங்கள் இரண்டு. முதல் சட்டத்தை, உள்ளே வந்த அன்றே காதோடு சொல்வார்: "நீ எந்தத் தெருன்னு யாரும் யாரையும் கேக்கக் கூடாது. கேட்டா அன்னைக்குக் கஞ்சி கிடையாது." எங்களோடு சேரிப் பிள்ளைகள் இருந்தார்கள், ஊர்த்தெருப் பிள்ளைகளும் சிலர் இருந்தார்கள். யார் எது என்று எங்களுக்குத் தெரியாதா என்ன? தெரியும். கஞ்சிக்குப் பயந்து பேசமாட்டோம். நாளடைவில் பேசத் தோன்றாமலே போயிற்று.

இரண்டாவது சட்டம்தான் என் வாழ்க்கை. ஒன்பது வயது ஆன ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சின்னப் பிள்ளையைக் கட்டிவிடுவார். அவள் 'பெருசு', அது 'சின்னது'. குளிப்பாட்டுவது, பேன் பார்ப்பது, மூக்கைச் சிந்திவிடுவது எல்லாம் பெருசின் பொறுப்பு. இரண்டு பேருக்கும் ஒரே பாய், ஒரே அலுமினியத் தட்டு. சாப்பாட்டில் முதல் வாயைப் பெருசு தன் கையால் சின்னதுக்குக் கொடுக்கவேண்டும். அதற்கு முன்னால் இரண்டும் தட்டைத் தொடக்கூடாது. எனக்கு முந்தி ஒரு பஞ்ச வருஷத்தில் பெரிய பிள்ளைகள் அள்ளித் தின்றுவிட்டுச் சின்னவை பட்டினி கிடந்தனவாம். அன்று போட்ட சட்டம். கேப்பைக் கூழாக இருந்தாலும் கிறிஸ்துமஸ் பிரியாணியாக இருந்தாலும் அதற்கு விலக்கு கிடையாது. எங்கே யாரைப் பார்த்தாலும் பெரியம்மா கேட்கும் முதல் கேள்வி, "உன் சின்னது எங்க?" என்பதுதான்.

எனக்கு வாய்த்த சின்னது மூன்று வயதில் வந்தது. தாயும் தகப்பனும் ஒரே வாரத்தில் வாந்திபேதியில் போய்விட்டார்கள். பக்கத்து ஊரில் கழனியும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையுமாக வாழ்ந்த தாய்மாமன் தூக்கிக்கொண்டு வந்தார். "பொறந்த நேரம் சரியில்லம்மா, ஆத்தாளையும் அப்பனையும் முழுங்கிடுச்சு. வூட்ல வச்சிக்க எங்களுக்குப் பயமா கீது" என்று சொல்லி இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அது அழவில்லை. வந்து என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் இரண்டு வருஷம் அந்த விரல் எனக்குச் சொந்தமாக இருக்கவில்லை. தூக்கத்தில்கூட விடாது.

அவித்த மல்லாட்டையை இரண்டு கன்னத்திலும் அடக்கிக்கொண்டு, நாள் முழுக்க ஊறவைத்துத் தின்னும். கேப்பைக் கூழின் புளிப்பும் விளக்கெண்ணெயும் கலந்த ஒரு வாசனை அதன் தலையில் இருக்கும். கதை சொன்னால் முடிக்கவே விடாது. ராஜா செத்துப்போனான் என்றால், "அப்பால?" அவன் மகன் ராஜாவானான் என்றால், "அப்பால?" ஒரு நாள் எரிச்சலில், "அப்பால எல்லாரும் செத்துட்டாங்க, தூங்கு" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பால?" என்றது. இதை எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அது யுத்த காலம். பினாங்கிலிருந்து வந்துகொண்டிருந்த கடிதம் நின்றுபோன வருஷம். அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்து, மாமன் ஊர் ஏரி நிரம்பி வழிந்தது. சேரிக்காரர்களின் இடுகாட்டுக்குப் போகிற தடம் இடுப்பளவு தண்ணீரில் முழுகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்துச் சேரியில் ஒரு பெரியவர் செத்துப்போனார். இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். தண்ணீர் வடியவில்லை. பிணம் எத்தனை நாள் பொறுக்கும்? மூன்றாம் நாள் பறையைக்கூட அடிக்காமல் ஊர்த்தெரு வழியாகத் தூக்கிப் போனார்கள். பாதித் தெருவில் கல் விழுந்தது. பாடையைத் தெருவில் இறக்கிவைத்துவிட்டு ஓடவேண்டியதாயிற்று.

அதற்குப் பின் அறுப்புக்கும் மல்லாட்டை பிடுங்கவும் சேரியிலிருந்து யாரும் போகவில்லை. சேரிக்கு உப்புகூட விற்கக்கூடாது என்று ஊரில் கட்டுப்பாடு போட்டார்கள். ஒருவர் வைக்கோல் போர் எரிந்தது. எரித்தது யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள அன்று யாருக்கும் பொறுமையும் இல்லை.

பெரியம்மா எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. தண்டவாள மணி ஒரு நிமிஷம் முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. சாலையில் கூச்சல் கேட்டால் எங்களை வரிசையாக உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லச் சொல்வார். தூரத்துச் சத்தத்துக்கு ஐந்தாம் வாய்ப்பாடு. சத்தம் நெருங்க நெருங்க வாய்ப்பாடும் ஏறும். பதினாறாம் வாய்ப்பாட்டை எந்தக் குழந்தை சொல்லக் கேட்டாலும் இப்போதும் எழுந்துபோய் வாசலைப் பார்ப்பேன். கார்த்திகைப் பாதியில் மழை விட்டு ஓலை காய்ந்ததும், காலையும் மாலையும் கிணற்றிலிருந்து வரிசையாக நின்று வாளி மாற்றிக் கொட்டகைக் கூரையை நனைக்கச் சொன்னார். "உள்ள குளிர்ச்சியா இருக்கும்" என்றார். அந்தப் பனியில் யாருக்குக் குளிர்ச்சி வேண்டும்? ஆனாலும் சின்னதுகளுக்குக் கொண்டாட்டம். என் சின்னது ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் மொண்டு சுவரில் ஊற்றிக்கொண்டிருக்கும்.

ஊர்த்தெருப் பிள்ளைகளை உறவுக்காரர்கள் வந்து ஒவ்வொருவராக அழைத்துப் போனார்கள். என் சின்னதைத் தேடி யாரும் வரவில்லை. பொறந்த நேரம் சரியில்லாதது என்பதில் எனக்கு அன்று எத்தனை சந்தோஷம் தெரியுமா?

மார்கழியில் ஒரு நாள் உச்சிவேளை. மேற்கே கறுப்பாகப் புகை எழுந்தது. நாங்கள் எல்லோரும் முற்றத்தில் நின்று பார்த்தோம். பெரியம்மா வந்து, "மல்லாட்டைக் கொடிய கொளுத்துறாங்க. போங்க உள்ள" என்றார். அவர் டவுனில் பிறந்தவர். நாங்கள் காட்டுமேட்டுப் பிள்ளைகள். மல்லாட்டைக் கொடி மாட்டுக்குத் தீனி, அதை எவனும் கொளுத்தமாட்டான் என்று எங்கள் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நாங்கள் நம்பவேண்டும் என்று அவர் விரும்பினார். நம்பியதுபோல உள்ளே போனோம்.

கொஞ்ச நேரத்தில் கள்ளிவேலியை விலக்கிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். இடுப்பில் குழந்தை, தலையில் கரி, கால் முழுக்க முள். பெரியம்மா ஒரு வார்த்தை கேட்காமல் கூடத்தைத் திறந்துவிட்டார். சமையல்கார அக்கா பெரிய அண்டாவில் கஞ்சி ஏற்றினாள். எங்கள் பாயெல்லாம் அவர்களுக்குப் போயிற்று.

மறுநாள் காலை வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. தாய்மாமன் இறங்கி வந்தார். சற்றுத் தள்ளிச் சாலையில் பத்துப் பதினைந்து ஆட்கள் கழியோடு நின்றார்கள்.

"இந்தாம்மா, எங்க வூட்டுப் பொண்ணு இங்க யார் யாரோடயோ ஒரே தட்டுல துன்னுக்கினு கீதுன்னு ஊரே காறித் துப்புது. நான் இட்டுக்கினு போறேன்."

"ரெண்டு வருஷம் முன்னால நேரம் சரியில்லைன்னு நீங்கதாங்க விட்டுட்டுப் போனீங்க" என்றார் பெரியம்மா.

"அது அப்போ." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் கெட்டவன் இல்லம்மா. நீ அந்தச் சனத்த உள்ள வச்சிக்கினு கீறது தெரிஞ்சு இவனுங்க நேத்தே வர்றதா இருந்தானுங்க. நாந்தான் தடுத்து வச்சிக்கினு கீறேன். எம்மா நேரம் தடுக்க முடியும்? எங்க புள்ளைய எங்ககிட்ட குடுத்துட்டா ஊர்ல நான் பேசிக்குவேன். உன் கொட்டாய் மேல ஒரு நெருப்புக் குச்சி வுழாது. உள்ள கீறவங்களையும் ஒருத்தனும் தொட மாட்டான். இது என் வார்த்தை."

பெரியம்மா கூரையைப் பார்த்தார். கூடத்தைப் பார்த்தார். முற்றத்தில் நின்ற எங்களைப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்.

"அது வேற யாரு கூப்ட்டாலும் போகாது. நீயே வண்டியில ஏத்தி வுடு" என்றார்.

"நான் மாட்டேன்."

"நாளைக்கு நீயும் வர்றேன்னு சொல்லி ஏத்து. இல்லன்னா எறங்கி ஓடியாந்துடும். இங்க எத்தினி புள்ளைங்க கீறீங்கன்னு பாரு. ஜல்தி."

எனக்குப் பதினொரு வயது. நான் வேறு என்ன செய்திருக்கவேண்டும் என்று இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்களும் யோசித்துப் பாருங்கள். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

தூக்கி வண்டியில் வைத்தேன். வைக்கோல் பரப்பியிருந்தது.

"அக்கா, நீ?"

"நீ முன்னால போ. நான் நாளைக்கு வர்றேன்."

"எங்க?"

"உங்க மாமா வூட்டுக்கு."

"அப்பால?"

"அப்பால ஒண்ணா இருக்கலாம்."

என் கட்டைவிரலிலிருந்து அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கவேண்டியிருக்கும் என்று பயந்திருந்தேன். தானாகவே விட்டுவிட்டது. அதுவரை நான் அதனிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. வண்டி நகர்ந்தபோது அது சிரித்துக்கொண்டுதான் போயிற்று.

மாமன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒரு நெருப்புக் குச்சிகூட எங்கள் பக்கம் வரவில்லை. கூடத்தில் இருந்த பெண்கள் பொங்கலுக்கு அப்புறம்தான் சேரிக்குத் திரும்பிப் புதுக் குடிசை போட்டார்கள். என்னோடு வளர்ந்தவர்கள் எல்லோரும் உயிரோடு பெரியவர்களானார்கள். பிள்ளை பெற்றார்கள், சண்டை போட்டார்கள், சர்க்கரை வந்து உங்களைப்போலப் புலம்பினார்கள். சொல்லைக் காப்பாற்றாதது நான் ஒருத்திதான்.

முதல் நாள் மத்தியானம் பழக்கதோஷத்தில் ஒரு வாய் எடுத்துப் பக்கத்தில் நீட்டிவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்த சமையல்கார அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். ஒரு வாரம் கழித்துப் பெரியம்மா எனக்கு வேறொரு சின்னதைக் கொடுத்தார். நல்ல குழந்தை. தலை வாரும்போது வேண்டுமென்றே இழுத்தேன், கிள்ளினேன். அது எங்கிருந்தாலும் என்னை மன்னிக்கட்டும்.

தினமும் பெரியம்மாவிடம் போய் நிற்பேன். "போயிட்டு வந்துடறேங்க" என்பேன். "அடங்கட்டும்" என்பார். மாசி முடிவதற்குள் ஒரு நாள் காலையில் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். கூப்பிட்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "காய்ச்சல்ல போயிடுச்சாம்" என்றார். "யார் கையிலயும் இல்ல." நான் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அப்புறம் மணி அடிக்கப் போனார்.

காய்ச்சல் என்றுதான் ஆறு வருஷம் நினைத்திருந்தேன். காய்ச்சலை யார் என்ன செய்யமுடியும்? அந்த நினைப்பில் ஒரு ஆறுதல் இருந்தது.

சுதந்திரம் வந்த மறு வருஷம், நர்ஸ் வேலை படிக்கப் போகுமுன் பெரியம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவருக்குக் கண் மங்கிவிட்டிருந்தது. படிப்புக்கென்று எடுத்துக் கட்டியிருந்த என் வெள்ளைப் புடவையைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"அந்தத் தை மாசம் அதோட மாமி இங்க வந்துச்சு. புருசனுக்குத் தெரியாம, முக்காடு போட்டுக்கினு நடந்தே வந்துச்சு."

"எதுக்குங்க?"

"அது சரியா துன்ன மாட்டேங்குதாம். தட்ட வச்சா தொடாம அப்டியே குந்திக்கினு கீதாம். திணிச்சா துப்பிடுதாம். 'அந்தப் பெரிய பொண்ண ஒரே ஒரு நாள் அனுப்பும்மா, தோட்டத்துப் பக்கமா வந்து ஒரு வாய் குடுத்துட்டுப் போயிடட்டும், நான் பாத்துக்கறேன்'னு என் காலப் புடிச்சிக்கினு அழுதுச்சு."

பெரியம்மா என் புடவையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"நான் முடியாதுன்னுட்டேன். அந்தத் தெருவுல நீ கால் வச்சத எவனாவது பாத்தா உன்ன உசுரோட வுட்டிருக்க மாட்டானுங்க. மறுபடியும் பத்திக்கும். அதுவும் இல்லாம, மறந்துடும்னு நெனச்சேன். சின்னப் புள்ளைங்க மறந்துடும். நீ உங்கம்மாவ மறக்கல?"

"நான் மறக்கலீங்க" என்றேன்.

அவர் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று அவரை வெறுத்தேன். சொல்லிக்கொள்ளாமலே எழுந்து வந்துவிட்டேன். இப்போது நான் அவர் வயதையும் தாண்டிவிட்டேன். முப்பது பிள்ளைகளையும் கூடம் நிறைந்த சனத்தையும் ஒரு தனிப் பெண் காய்ந்த ஓலைக்கடியில் வைத்துக் காப்பாற்றினாள் என்பது இன்று எனக்குப் புரிகிறது. என்னை அனுப்பாதது என் உயிருக்குப் பயந்து என்பதும் புரிகிறது. புரியாதது ஒன்றுதான். பெருசு கொடுக்காமல் சின்னது தின்னக்கூடாது என்று சட்டம் போட்டவர் அவர். ஒரு குழந்தை அதை அவ்வளவு முழுசாக நம்பும் என்று அவருக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

மறுநாள் முற்பகல் அந்த ஊருக்குப் போனேன். அதற்கு முன் அந்தத் தெருவில் நான் நடந்ததில்லை. வெள்ளைப் புடவையைப் பார்த்து யாரோ டாக்டரம்மா என்று வழிவிட்டார்கள். வீட்டைக் காட்டினார்கள். மாமன் கழனிக்குப் போயிருந்தார். மாமி வெளியே வந்தார். பாதித் தலை நரைத்திருந்தது.

"யாரும்மா நீ?"

"இல்லத்துலேர்ந்து வர்றேன்."

அந்தம்மா கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டார். என் கையைத்தான் பார்த்தார்.

"அப்பப்போ ரெண்டு வாய் துன்னும். அதுக்கு மேல எறங்காது" என்றார், நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல. "அக்கா எப்ப வரும், எப்ப வரும்னு என்ன பேஜாரு பண்ணிக்கினே இருந்துச்சு. நானும் வாய வச்சிக்கினு சும்மா இல்லாம ஒண்ணு சொல்லித் தொலைச்சிட்டேன்மா. உங்கக்கா வந்தா முன்வாசல்ல வர மாட்டா, தோட்டத்துக் கதவாண்டதான் வருவான்னு சொல்லிட்டேன். அன்னியிலேர்ந்து அங்கயே போயி குந்திக்கிச்சு. பனியில குந்திக்கினு இருக்கும். தூக்கியாந்து உள்ள போட்டா, நான் அந்தாண்ட திரும்பறதுக்குள்ள மறுபடியும் போயிடும். கதவச் சாத்தினா அழுவும். அக்கா தட்டுனா கேக்காதுன்னு அழுவும். அங்கதான் காய்ச்சல் கண்டுச்சு."

நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம். யாரும் யாரையும் தொடவில்லை. அந்தம்மா தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வழியை விட்டு ஒதுங்கி நின்றார்.

"வாம்மா. முன்வாசல்லயே வா. யாரு இன்னா சொன்னாலும் சொல்லட்டும். உள்ள வா."

நான் படியேறவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.